பாம்பு பாய்சனஸா, வெனமஸா?

"ஸ்நேக் இஸ் பாய்சனஸ்" என்ற வரியைக் கட்டுரை நோட்டுகளில் அடிக்கடி பார்க்கலாம். ஆனால் நாகப்பாம்புக்கு இங்கிலீஷில் சரியான சொல் வெனமஸ்.

விஷம் நம்ம உடம்புக்குள்ள எந்த வழியா போகுது? அதுதான் வித்தியாசம். தின்றாலோ தொட்டாலோ பாதித்தால் பாய்சனஸ். பல்லாலோ கொடுக்காலோ குத்தி ஏற்றினால் வெனமஸ். பேத்தை மீன் பாய்சனஸ். அதன் ஈரலிலும் சினையிலும் இருக்கும் விஷம், குழம்பில் எவ்வளவு கொதித்தாலும் போகாது. தமிழில் நஞ்சு, விஷம் என்று இரண்டு சொல் இருந்தும் இரண்டையும் எல்லாவற்றுக்கும் சொல்கிறோம். அதனால்தான் குழப்பம்.

ஜப்பானில் ஒரு பாம்பு இரண்டுமே! தேரையைத் தின்று அதன் விஷத்தைக் கழுத்தில் சேர்த்து வைக்கும். கடித்தாலும் விஷம் ஏறும்.

பாம்புக்கடி மருந்தின் பெயரிலேயே விடை இருக்கிறது: ஆன்டி வெனம். அதற்கு வேண்டிய விஷம் நம்ம செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்தே போகிறது. வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-இல் தொடங்கியது. பாம்புகளைப் பிடித்து மண்பானையில் வைத்து, விஷம் எடுத்தபின் மறுபடி காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அந்த விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து மருந்து செய்கிறார்கள். இந்த இருளர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. (கைதட்டலாம்!)

நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்து. அதனால் கடித்த பாம்பைத் தேடி அடித்து எடுத்துப் போக வேண்டியதில்லை. அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்கே போய்விடலாம். சினிமா ஹீரோ மாதிரி வாயால் உறிஞ்சுவதும் வேண்டாம், விஷம் அப்படி வெளியே வராது. கடிபட்ட கைகாலை அசைக்காமல் 108-க்கு போன் செய்யுங்கள்.

அடையாற்றில் தண்ணீர் ஏறும்போது அனகாபுத்தூர் தெருக்களுக்கு வருவதில் தண்ணிப் பாம்பும் சாரையும் உண்டு. அவை வெனமஸ் இல்லை. பாவம், அடி மட்டும் வாங்குகின்றன. ஆனால் எது எது என்று தெரியாவிட்டால் கிட்டே போகாதீர்கள்.

இப்போது உங்களுக்கு: பூரான், தேரை, அரளி விதை. எது பாய்சனஸ், எது வெனமஸ்? விடையைச் சீட்டில் எழுதி இந்தத் தாளுக்குக் கீழே ஒட்டுங்கள்.