606601-ஐ உடைத்துப் பார்த்தால்

திருவண்ணாமலைக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் முகவரியின் கடைசியில் எழுதுவது 606601. பின்கோடு முறை 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. முதலில் உள்ள 6 தமிழ்நாட்டையும் கேரளத்தையும் உள்ளடக்கிய மண்டலத்தைக் குறிக்கும். கடைசி மூன்று இலக்கங்கள் அஞ்சலகத்தை. தபால்துறைக்கு இது போதும். கணக்கில் ஆர்வமுள்ளவருக்கு வேலை இங்கேதான் ஆரம்பம்.

இந்த எண்ணை எதெல்லாம் மீதியின்றி வகுக்கும்? ஒற்றைப்படை எண், அதனால் 2 வகுக்காது. இலக்கங்களைக் கூட்டினால் 19, அதனால் 3 வகுக்காது. (எண் ஜோதிடர்கள் இந்த 19-ஐ 10 ஆக்கி, 1 ஆக்கிப் பலன் சொல்வார்கள். அந்த 1 உண்மையில் சொல்வது, எண்ணை 9 ஆல் வகுத்தால் வரும் மீதியை மட்டுமே.) கடைசி இலக்கம் 1 என்பதால் 5-ம் இல்லை. 7, 11, 13 என்று பகா எண்களாக ஏறிக்கொண்டே போனால் 41 வரை பதின்மூன்றும் கைவிரிக்கின்றன. பதினான்காவதான 43-இல் எண் உடைகிறது. 43 × 14000 = 602000; மிச்சமுள்ள 4601 என்பது 43 × 107. ஆக, 606601 = 43 × 14107.

14107 மேலும் உடையுமா? அதன் வர்க்கமூலம் 119-க்குள் அடங்குகிறது. 41 வரை ஏற்கெனவே பார்த்தாயிற்று. 43 முதல் 113 வரை மீதமிருக்கும் பதினேழு பகா எண்களையும் போட்டுப் பார்த்தால் எதுவும் வகுக்கவில்லை. அதுவும் பகா எண்தான். பேப்பரும் பேனாவும் வைத்துக்கொண்டு பள்ளிப் பிள்ளைகள் செய்து பார்க்க வேண்டிய கணக்கு இது. கால்குலேட்டர் விடையைத் தரும், அந்தத் தேடலின் ருசியைத் தராது.

காரணி தெரிந்ததும் மற்ற குணங்களும் வெளிவருகின்றன. 606601-ஐ 4 ஆல் வகுத்தால் மீதி 1. அப்படிப்பட்ட எண்களில் பல, இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக அமையும்: 13 = 4 + 9 போல. இது அமையாது. 4 ஆல் வகுக்க 3 மீதி தரும் 43, காரணிகளில் ஒரே ஒரு முறை வருவதே காரணம். ரமணாசிரமத்தின் 606603-க்கு இலக்கக் கூட்டுத்தொகை 21. பார்த்தவுடனே 3 வகுத்துவிடும், 3 × 202201 என்று.

இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது, பெருக்கத்திலிருந்து அவற்றைக் கண்டுபிடிப்பது கடினம். 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மேன் மூவரும் உருவாக்கிய ஆர்.எஸ்.ஏ. மறையாக்க முறை இதன்மேல்தான் நிற்கிறது. அதில் இன்று பரவலாகப் பயன்படும் எண்களுக்கு 617 இலக்கங்கள், நம்முடையதற்கு ஆறு.

606601-க்கு வகுத்திகள் நான்கே: 1, 43, 14107, 606601. இதற்கு நேர் எதிரான எண்களைத் தேடிப் போனவர் ராமானுஜன். தனக்கு முந்தைய எந்த எண்ணையும்விட அதிக வகுத்திகள் கொண்ட எண்களைப் பற்றி 1915-இல் லண்டன் கணிதக் கழக இதழில் அவர் எழுதிய நீண்ட கட்டுரையில் ஓர் அட்டவணை உண்டு. நம் எண்ணுக்குக் கீழே அந்த வரிசையில் இருப்பது 554400, வகுத்திகள் 216. மேலே 665280, வகுத்திகள் 224. கணினி இல்லாத காலத்தில் அந்த அட்டவணை 6746328388800 வரை நீண்டது. அத்தனை தூரத்தில் அவர் தவறவிட்டது ஒரே ஓர் எண்: 293318625600. அதன் வகுத்திகள் 5040.