மின்சிகரட்டின் மின்கலம்

"சிறிய பாம்பானாலும் பெரிய தடி கொண்டு அடி" என்பர் நம் முன்னோர். மின்சிகரட்டினுள் உறையும் விரலளவு மின்கலத்துக்கு இம்மொழி மிகப் பொருந்தும். மின்சிகரட்டு வாங்குவோர் அதன் சுவையையும் நிறத்தையும் ஆராய்வரேயன்றி மின்கலத்தை ஆராய்வாரில்லை. அபாயம் உறைவதோ அங்கேதான்.

ஐக்கிய அமெரிக்காவின் தீயணைப்பு நிருவாகம் 2017 இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2009 முதல் 2016 வரை அந்நாட்டில் மின்சிகரட்டுகளால் விளைந்த 195 தீ விபத்துக்களும் வெடிப்புக்களும் அதில் ஆராயப்பட்டன. அவற்றுள் 61 சட்டைப்பை, காற்சட்டைப்பை முதலியவற்றில் இருந்தபோதும், 60 புகைக்கும்போதும், 48 மின்னேற்றும்போதும் நிகழ்ந்தவை. அவற்றால் எவரும் மாண்டிலர். ஆயின் 2018 இல் புளோரிடாவில் ஒருவரும் 2019 இல் டெக்சாசில் ஒருவரும் உயிரிழந்தனர்.

காரணம் யாது? இலிதியம் அயன் மின்கலத்தின் நேர், எதிர் முனைவாய்களை மெல்லிய ஏடொன்று பிரிக்கின்றது. அவற்றைச் சூழ்ந்துள்ள திரவமோ எளிதில் தீப்பற்றுவது. மின்னேற்றம் அளவுக்கு மிஞ்சினாலும் குறுஞ்சுற்று ஏற்பட்டாலும் வெப்பம் மிகும். அவ்வெப்பம் மேலும் வெப்பத்தைப் பிறப்பிக்கும். குழாயினுள் திரண்ட வாயு ஒரு முனையைப் பெயர்த்துக்கொண்டு வாணம்போற் பாயும்.

ஆகவே தெரிவு செய்யும்போது முதலில் நோக்கவேண்டியது காப்புச் சுற்று. யூ.எஸ்.பி. துளை தருவது 5 வோல்ற்று; மின்கலம் நிறைவதோ 4.2 வோல்ற்றில். இடையே நின்று, நிறைந்ததும் மின்னை நிறுத்தும் சுற்று சிலவற்றில் மின்கலத்துடனும், சிலவற்றில் உடன்வரும் மின்னேற்றியிலும் அமைந்திருக்கும். இதனாலேயே ஒன்றின் மின்னேற்றியை மற்றொன்றுக்குப் பூட்டலாகாது. திருகு பொருந்துவதால் மின்னும் பொருந்திவிடாது.

அடுத்தது கொள்ளளவு. 1000 மில்லியம்பியர் மணி கொண்ட மின்கலம், 500 மில்லியம்பியர் தரும் துளையில் நிறைய இரண்டு மணிக்கு மேல் ஆகும். மின்னேறும்போதே புகைக்க உதவும் வகைகளும் உள. உற்பத்தியாளர் அவ்வாறு தெளிவாகக் கூறாதவற்றை அங்ஙனம் பயன்படுத்தல் தகாது.

கழற்றி மாற்றும் மின்கலமாயின் அதன் மேலுறையைக் கவனித்தல் வேண்டும். உலோகக் கூடு முழுவதும் எதிர்முனை. உச்சியிலுள்ள சிறு குமிழ் மட்டுமே நேர்முனை. உறை கிழிந்திருப்பின், அல்லது பையிலே திறப்பும் சில்லறையும் உடனிருப்பின், குறுஞ்சுற்றுக்கு வேறு துணை வேண்டுமா? பத்துச் சதப் பெறுமதியில்லாப் பிளாஸ்டிக்குப் பெட்டியொன்று இதனைத் தவிர்த்துவிடும்.

உறங்குமுன் மின்னேற்றப் பூட்டிவிட்டுக் கட்டிலுக்குச் செல்வதும் ஆகாது. விழித்திருக்கும்போதே, கண்பார்வையில் ஏற்றுக.

நேயர்களே! யாவற்றினும் சிறந்த தெரிவு இன்னுமொன்றுண்டு: அப்பழக்கத்தையே விடுத்தல். அதற்கு மின்கலமும் வேண்டா, மின்னேற்றியும் வேண்டா.