பெரிய திரை பெரிய எழுத்தைத் தராது

பார்வை மங்கிய ஒருவருக்காகப் பழைய கணினியின் திரையை மாற்றப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது அங்குலக் கணக்கைத்தான். ஆனால் எழுத்து எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதை அந்தக் கணக்கு சொல்வதில்லை. பல வீடுகளில் இன்னும் இருக்கும் 18.5 அங்குல மானிட்டரை எடுத்துக்கொள்வோம். அதில் 1366×768 பிக்சல்கள். ஒரு பிக்சலின் அகலம் ஏறத்தாழ 0.30 மில்லிமீட்டர். அதைக் கழற்றிவிட்டு 21.5 அங்குல முழு ஹெச்டி மானிட்டரை வைத்தால், 1920×1080 பிக்சல்களும் அந்தப் பரப்புக்குள் அடங்க வேண்டியிருப்பதால் ஒவ்வொன்றும் 0.25 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். கணினி ஓர் எழுத்தை வரையும்போது இத்தனை பிக்சல் உயரம் என்றுதான் கணக்கு வைக்கிறது. ஆகவே திரை வளர்ந்தும் எழுத்து ஆறில் ஒரு பங்கு சிறுத்துப்போகும். 27 அங்குலம் வாங்கினால்தான் பிக்சல் 0.31 மில்லிமீட்டராகி, எழுத்து பழைய அளவுக்குத் திரும்பி வரும். பணம் கொடுத்து வாங்கிய புதிய திரையில் முன்பைவிட வாசிக்கச் சிரமமாக இருக்கிறது என்று முதியவர்கள் சொன்னால் அது பிடிவாதமோ பழக்கக் குறையோ அல்ல. அவர்கள் சொல்வது அளவுகோலுக்கும் பொருந்துகிற உண்மை.

அப்படியானால் பெரிய திரையால் என்ன பயன்? எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ள அது இடம் தருகிறது. விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்பில் ஸ்கேலிங் என்றொரு வசதி உண்டு. அதை 150 விழுக்காட்டுக்கு உயர்த்தினால் எழுத்து, பொத்தான், மெனு எல்லாம் ஒன்றரை மடங்காகும். பழைய 1366×768 திரையில் இதைச் செய்தால் வேலை செய்யக் கிடைக்கும் பரப்பு 911×512 அளவுக்குக் குறுகி, பல மென்பொருள்களில் ‘சரி’ பொத்தானே திரைக்கு வெளியே போய்விடும். 1920×1080 திரையில் அதே 150 விழுக்காடு 1280×720 பரப்பை விட்டுவைக்கிறது. இது பழைய திரையில் இருந்த இடத்துக்கு ஏறக்குறைய நிகர். 27 அங்குல மானிட்டரும் 150 விழுக்காடு ஸ்கேலிங்கும் சேர்ந்தால், வேலைப் பரப்பை அதிகம் இழக்காமல் எழுத்து ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகமாகவே வளர்கிறது.

இதற்கும் முன்னால் செய்ய வேண்டிய, செலவு குறைந்த காரியம் ஒன்று இருக்கிறது: திரையை அருகில் கொண்டுவருவது. நெதர்லாந்து மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் 1862-இல் வெளியிட்ட கண் பரிசோதனை அட்டையின் அடிப்படையே இதுதான். எழுத்து எத்தனை மில்லிமீட்டர் என்பதல்ல, கண்ணில் அது எவ்வளவு கோணத்தை அடைக்கிறது என்பதே கணக்கு. நல்ல கண்ணுக்கு 5 கோண நிமிடம் போதும். மருத்துவச் சீட்டில் 6/18 என்று எழுதப்பட்டவருக்கு மூன்று மடங்கு, அதாவது 15 நிமிடம் வேண்டும். பழைய மானிட்டரில் 2 மில்லிமீட்டர் உயரமுள்ள மெனு எழுத்து 60 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து 11 நிமிடத்துக்குச் சற்று மேல்தான் அடைக்கிறது. அவரால் அதைப் படிக்க முடியாது. திரையை 40 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் அதே எழுத்து 17 நிமிடமாகிவிடும். மேசை விளிம்பில் பிணைக்கும் மானிட்டர் தாங்கி ஒன்று இதற்குப் போதும். திரையின் பின்புறம் 75 அல்லது 100 மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு திருகுத் துளைகள் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்து வாங்க வேண்டும். மேலே சொன்ன திரையும் ஸ்கேலிங்கும் இந்த நெருக்கமும் சேர்ந்தால் எழுத்து 26 நிமிடத்தைத் தாண்டும். தடுமாறாமல் தொடர்ந்து வாசிக்க இப்படிக் கொஞ்சம் உபரி அவசியம்.

அருகில் உட்கார்ந்தால் கண் கெட்டுப்போகும் என்ற அச்சம் நம் வீடுகளில் ஆழமாக இருக்கிறது. முதியவரின் கண்ணைத் திரையின் அருகாமை கெடுப்பதில்லை. இமைக்காமல் உற்றுப் பார்ப்பதால் கண் உலர்ந்து களைப்பதுதான் அங்கே நடப்பது. மெய்யான சிக்கல் வேறு. நாற்பது வயதைக் கடந்தபின் கண்ணின் லென்ஸ் நெகிழ்வை இழப்பதால் 40 சென்டிமீட்டர் தொலைவைக் கூர்மையாகப் பார்க்கத் துணை தேவைப்படும். லென்ஸ் முற்றிலும் இறுகியவருக்கு அது 2.5 டயாப்டர். கண்ணாடி எழுதுபவரிடம் திரையின் தொலைவைச் சொல்லாவிட்டால், எவ்வளவு நல்ல மானிட்டரும் வீண்தான்.

ரெசல்யூஷனைக் குறைத்தால் எழுத்து தானாகப் பெரிதாகுமே, செலவே இல்லையே என்று கேட்கலாம். ஆகும், ஆனால் சிறிதாக வரைந்த படத்தை இழுத்து நீட்டுகிற வேலை அது. க, க் இரண்டையும் பிரித்துக்காட்டும் புள்ளி சிறிய எழுத்தில் ஓரிரண்டு பிக்சல்தான்; நீட்டினால் அது சாம்பல் கறையாகிக் கரைந்துவிடும். ஸ்கேலிங்கோ புள்ளியையே கூடுதல் பிக்சல்களால் புதிதாக வரைகிறது. 4கே மானிட்டர் இன்னும் தெளிவு என்பது விற்பனையாளர் வாதம். 6/18 கண்ணால் 40 சென்டிமீட்டரில் 0.35 மில்லிமீட்டருக்குக் குறைந்த நுணுக்கத்தைப் பிரித்தறிய முடியாது. 27 அங்குல முழு ஹெச்டியின் பிக்சலே அதைவிடச் சிறியது. அந்தக் கண்ணுக்கு 4கே தரும் நுணுக்கம் எட்டாது. பழைய கணினிக்கும் அது சுமை: ஹெச்டிஎம்ஐ 1.4 இணைப்பில் 4கே படம் நொடிக்கு 30 முறைக்கு மேல் புதுப்பிக்கப்படாததால் மவுஸ் அம்பு தத்தித் தத்தி நகரும்.

அளவைப் போலவே வெளிச்சமும் முக்கியம். கண்புரை உள்ளவருக்கு வெள்ளைப் பின்னணியின் ஒளி கண்ணுக்குள்ளேயே சிதறி எழுத்தை மூடிவிடும். இப்படிக் கண்ணின் ஊடகம் கலங்கியவர்கள் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தை வேகமாக வாசிப்பதை மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் கார்டன் லெக் குழு 1985-இலேயே பதிவு செய்திருக்கிறது. எல்லாருக்கும் இது பொருந்தாது; இரண்டையும் காட்டி, வாசிப்பவரையே தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டும். ஒளியைத் திருப்பியடிக்கும் பளபளப்பான திரை மட்டும் யாருக்கும் வேண்டாம். பழைய கணினியில் ஹெச்டிஎம்ஐயோ டிவிஐயோ இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்; 1987-இல் வந்த விஜிஏ, அனலாக் இணைப்பு என்பதால் எழுத்தின் ஓரங்கள் மழுங்கக்கூடும்.

கடைக்குப் போகும் முன் அவரைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மங்கலுக்குக் காரணம் கண்புரை என்றால் அறுவைச் சிகிச்சையால் அது சரியாகக்கூடும். அதன் பிறகும் குறை இருந்தால், இப்போதைய திரையின் அகலத்தையும் பிக்சல் எண்ணிக்கையையும் அவர் உட்காரும் தொலைவையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு கடைக்குப் புறப்படுங்கள்.