வாலாட்டி வந்த தேதி

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது. ஏழாம் வகுப்புக்கு ஒரு சிறு தேர்வு வைத்திருந்தேன். 'குளிர்காலத்தில் நம் நாட்டுக்கு வலசை வரும் பறவை ஒன்றைக் குறிப்பிடுக' என்பது அதில் ஒரு மதிப்பெண் வினா. வகுப்பில் எல்லோரும் நான் சொல்லிக் கொடுத்தபடியே 'சைபீரியக் கொக்கு' என்று எழுதியிருந்தார்கள். ஒரு மாணவி மட்டும் 'வாலாட்டி. எங்க ஓடையில இருக்கும்' என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டேன்.

தாள் கொடுத்த அன்று மாலை அவள் மேசை அருகே வந்து நின்றாள். வகுப்பில் அதிகம் பேசாத பிள்ளை. "டீச்சர், அது மழைக்காலத்துலதான் வரும். பங்குனி முடிஞ்சா ஒண்ணுகூட இருக்காது. நெசமா." அவ்வளவுதான் சொன்னாள்.

அன்றிரவு தேடிப் படித்தபோது இரண்டு விஷயங்கள் தெரிந்தன. அவள் சொன்ன வாலாட்டி இமயமலையிலும் அதற்கு அப்பாலும் கூடு கட்டிவிட்டு, குளிர்காலத்தை நம் மலைகளின் ஓடைக்கரைகளில் கழிக்கும் பறவை. ராஜஸ்தானின் பரத்பூருக்கு வந்துகொண்டிருந்த சைபீரியக் கொக்குகளோ 2002-ஆம் ஆண்டுக்குப் பிறகு அங்கே வருவதே இல்லை. வராத பறவைக்கு மதிப்பெண் கொடுத்து, பள்ளியிலிருந்து கூப்பிடு தூரத்தில் வாலை ஆட்டிக்கொண்டிருந்த பறவைக்குக் கோடு போட்டிருக்கிறேன். மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் அந்த ஒரு மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தேன். கரியாலூரில் எங்கள் பறவை பார்த்தல் அப்படித்தான் தொடங்கியது.

முதல் முயற்சி படுதோல்வி. அறுபது பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, காலை வழிபாடு முடிந்த பிறகு பத்து மணிக்கு ஏரிக்கு அழைத்துப் போனேன். வெயில் ஏறியிருந்தது. நாங்கள் போன சத்தத்துக்குக் காகம்கூடப் பறந்துவிட்டது. இப்போது பத்துப் பேருக்கு மேல் அழைத்துப் போவதில்லை. காலை ஆறரைக்குத் தொடங்கி எட்டு மணிக்குள் முடித்துவிடுகிறோம். தலைமையாசிரியரின் அனுமதி, பெற்றோரின் எழுத்துப்பூர்வமான சம்மதம், உடன் வர இன்னொரு ஆசிரியரோ பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினரோ ஒருவர், இவை மூன்றும் இல்லாமல் கிளம்புவதில்லை. நீர்க்கரையில் நிற்பதால் இதில் சமரசம் கூடாது.

எங்கள் ஏரி சிறியது. சுற்றுலாப் பயணிகளுக்காகப் படகு விடும் ஏரி. விடுமுறை நாட்களில் ஆரவாரமாக இருக்கும். அதனால் வார நாட்களின் விடியற்காலைதான் எங்களுக்கு வாய்ப்பு. வேடந்தாங்கலிலும் கூந்தன்குளத்திலும் பார்ப்பதுபோல் ஆயிரக்கணக்கில் பறவைகளை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. முதலில் இது எனக்கும் ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் கற்பிப்பதற்குச் சின்ன ஏரிதான் நல்லது என்று இப்போது தோன்றுகிறது. ஒரு காலையில் பதினைந்து வகைப் பறவைகள் கண்ணில் பட்டால் பிள்ளைகளால் அத்தனையையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும். ஒன்று குறைந்தாலும் தெரிந்துவிடும்.

நீரில் முக்குளிப்பான், நீர்க்காகம், கரையில் மடையான், கம்பியில் வெண்மார்பு மீன்கொத்தி ஆகியவை ஆண்டு முழுவதும் இருப்பவை. முதல் மாதம் இவற்றை மட்டுமே பார்க்கச் சொன்னேன். உள்ளூர்க்காரர்களைத் தெரியாமல் விருந்தாளியை அடையாளம் காண முடியாது அல்லவா?

வாலாட்டியிலேயே இந்தச் சிக்கல் உண்டு. வெண்புருவ வாலாட்டி இங்கேயே கூடு கட்டி வாழ்வது. உடல் கறுப்பும் வெள்ளையுமாக, கண்ணுக்கு மேலே பட்டையாக வெள்ளைப் புருவத்தோடு இருக்கும். குளிர்காலத்தில் வருவது கருஞ்சாம்பல் வாலாட்டி. முதுகு சாம்பல் நிறம், வாலின் அடிப்பக்கம் பளிச்சென்ற மஞ்சள், வாலாட்டிகளிலேயே நீளமான வால். மஞ்சளைப் பார்த்ததும் இதை 'மஞ்சள் வாலாட்டி' என்று எழுதிவிடுவது எல்லோரும் செய்யும் தவறு. நானும் ஒரு பருவம் முழுக்க அப்படித்தான் எழுதினேன். மஞ்சள் வாலாட்டி வேறு பறவை. அதற்கு ஈரமான வயலும் மேயும் மாடுகளின் காலடியும் பிடிக்கும், கால்கள் கறுப்பு. கருஞ்சாம்பல் வாலாட்டிக்குப் பாறையும் ஓடும் தண்ணீரும் வேண்டும், கால்கள் வெளிர் நிறம். மரநிழலில் நடந்தபடி வாலை மேலும் கீழுமாக ஆட்டாமல் பக்கவாட்டில் ஆட்டினால் அது கொடிக்கால் வாலாட்டி. அதுவும் குளிர்கால விருந்தாளிதான்.

பறவையின் பெயரைச் சொல்வதற்கு முன் ஐந்து கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். அது சிட்டுக்குருவியைவிடப் பெரிதா, மைனாவைவிடப் பெரிதா? அலகு எப்படி? வால் எப்படி? எங்கே இருந்தது? என்ன செய்துகொண்டிருந்தது? நிறத்தைக் கடைசியில்தான் கேட்பேன். சூரியனுக்கு எதிரே பார்த்தால் எல்லாப் பறவையும் கறுப்புதான். ஆகையால் வெயில் நம் முதுகில் படும்படி நிற்க வேண்டும்.

இருநோக்கி இல்லையே என்று தயங்க வேண்டாம். முதல் ஆண்டு எங்களிடம் ஒன்றுமே இல்லை. பிறகு கிடைத்த ஒன்றில் 8×42 என்று எழுதியிருந்தது. எட்டு என்பது உருப்பெருக்கம். 42 என்பது முன்புற லென்சின் விட்டம், மில்லிமீட்டரில். ஒளியியல் பாடத்தை அன்று ஏரிக்கரையிலேயே நடத்தி முடித்தேன். க்ரியா வெளியிட்ட 'பறவைகள்: அறிமுகக் கையேடு' (ப. ஜெகநாதன், ஆசை) பள்ளி நூலகத்தில் இருந்தால் போதும், தமிழ்ப் பெயர்களுக்கு அலைய வேண்டியதில்லை.

பிள்ளைகள் கேட்ட கேள்விகள்தான் என்னைப் படிக்க வைத்தன. கருஞ்சாம்பல் வாலாட்டியின் எடை ஏறக்குறைய 18 கிராம். ஆய்வகத் தராசில் இரண்டு பத்து ரூபாய் நாணயங்களை வைத்துக் காட்டினேன். அவற்றின் எடையைவிடச் சற்றே கூடுதல். "இத்தனூண்டு குருவி எதுக்கு டீச்சர் அவ்வளவு தூரம் வருது?" குளிர் தாங்காமல் வருகிறது என்றுதான் பலரும் சொல்வோம். அது பாதிப் பதில். வடக்கே பனி பெய்து ஓடைகள் உறையும்போது பூச்சிகள் கிடைக்காது. இங்கே அப்போதுதான் வடகிழக்குப் பருவமழை முடிந்து ஓடையெல்லாம் நீரும் பூச்சியுமாக இருக்கும். அப்படியானால் இங்கேயே இருந்துவிடலாமே? அங்கே கோடையில் பகல் நீளம். பூச்சிகளும் ஏராளம். குஞ்சுகளுக்கு இரை தேட அதிக நேரம் கிடைக்கும். அதனால் கூடு கட்ட அங்கே போகிறது.

கிளம்ப வேண்டிய நேரம் அதற்கு எப்படித் தெரியும்? பகலின் நீளம்தான் முக்கியமான அறிகுறி. கள்ளக்குறிச்சிப் பகுதியில் ஜூன் மாதப் பகலுக்கும் டிசம்பர் மாதப் பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. காஷ்மீரில் அது நான்கு மணி நேரத்துக்கு மேல். பகல் சுருங்கச் சுருங்கப் பறவையின் உடலில் மாற்றங்கள் நிகழ்கின்றன. நிறையத் தின்று கொழுப்பைச் சேர்த்துக்கொள்கிறது. அதுதான் பயணத்துக்கான எரிபொருள். வழியைச் சூரியன், விண்மீன்கள், பூமியின் காந்தப்புலம் ஆகியவற்றைக் கொண்டு அறிகின்றன. 1960-களில் ஸ்டீபன் எம்லன் என்ற அமெரிக்க ஆய்வாளர் கோளரங்கத்துக்குள் சிறு பறவைகளைக் கூண்டில் வைத்துச் சோதித்தார். கூண்டின் அடியில் மை தோய்ந்த அட்டை, சுற்றிலும் சரிவாக வெள்ளைத் தாள். செயற்கை விண்மீன்களைப் பார்த்துப் பறவை எந்தத் திசையில் கிளம்பத் துடிக்கிறதோ அந்தப் பக்கத் தாளில் கால்தடங்கள் அதிகமாக விழுந்தன. ஸ்டாம்ப் பேடும் வெள்ளைத்தாளும் கொண்டே செய்த சோதனை இது என்று சொன்னபோது பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

வளையம் மாட்டுவது பற்றியும் சொல்லுங்கள். 1899-இல் டென்மார்க்கில் மார்ட்டென்சன் என்ற பள்ளி ஆசிரியர்தான் எண்ணும் முகவரியும் பொறித்த அலுமினிய வளையங்களைப் பறவைகளின் காலில் மாட்டத் தொடங்கினார். ஆம், நம்மைப் போல ஓர் ஆசிரியர். இந்தியாவில் இதைப் பெருமளவில் செய்துவருவது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம். குளிர்கால விருந்தாளிகள் சில ஆண்டுதோறும் அதே ஓடைக்கு, அதே வேலிக்குத் திரும்பி வருவது இப்படித்தான் உறுதியானது. எங்கள் பள்ளி வேலியோரக் காட்டாமணக்கில் ஒவ்வோர் ஆண்டும் உட்காரும் பழுப்புக் கீச்சான் ஒன்றேதானா என்று எங்களால் சொல்ல முடியாது. அதன் காலில் வளையம் இல்லை. ஆனால் அப்படி இருக்கலாம் என்பதே பிள்ளைகளுக்குப் போதுமானதாக இருக்கிறது.

ஏரியைவிட வயல்வெளியில்தான் நேரம் போவது தெரியாது. சாமை அறுத்த கொல்லை, மரவள்ளிக் காடு, நெல் அடித்த களம் என்று நடப்போம். மின்கம்பியில் தகைவிலான் வரிசை. காய்ந்த குச்சியில் கரிச்சான். வேலியில் கீச்சான், வெட்டுக்கிளியைப் பிடித்து முள்ளில் குத்தி வைத்துவிட்டு மறுபடி வரும். அதிகாலையிலும் அந்தியிலும் தோப்புக்குள்ளிருந்து இரண்டு சுரத்தில் சீட்டியடிப்பது ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டிவிட்டு இங்கே வருவது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பலருக்கும் அதன் குரல் தெரியும். பறவையைப் பார்த்தவர்கள் குறைவு.

பெரியவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு நாள் ஒரு மாணவனின் பாட்டி எங்களை நிறுத்தி, "குருவியப் பாக்கவா இத்தன பேரு போறீங்க? நாங்க தொரத்தத்தானே போவோம்" என்று சிரித்தார். சாமையும் தினையும் கதிர் பிடிக்கும் காலத்தில் பரண் மீது உட்கார்ந்து கிளியையும் சில்லையையும் ஓட்டிய கதையை அரை மணி நேரம் சொன்னார். பறவை எல்லாம் நண்பன் என்று அவரிடம் பாடம் நடத்த எனக்கு வாய் வரவில்லை. அவருடைய கதிரைத் தின்ற பறவை அது. பூச்சி தின்னும் கரிச்சானும் கதிர் தின்னும் சில்லையும் வேறு வேறு என்பதை மட்டும் பிள்ளைகள் அவருக்குச் சொன்னார்கள். வயலில் கரிச்சான் உட்காரக் கவட்டைக் குச்சி நட வேளாண்மைத் துறை சொல்வதற்கு இதுதான் காரணம். "அது எனக்குத் தெரியாதா?" என்றார் பாட்டி.

உண்டிவில் வைத்திருக்கும் பையன்கள் எல்லாப் பள்ளியிலும் இருப்பார்கள். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தைச் சொல்லி அதட்டிப் பார்த்தேன், பயனில்லை. பறவை எந்தக் கிளையில் உட்காரும், எப்போது தண்ணீர் குடிக்க இறங்கும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. அவர்களில் கெட்டிக்காரனைப் பதிவேட்டுப் பொறுப்பாளராக்கினேன். உண்டிவில்லை அவன் முழுக்க விட்டுவிட்டான் என்று சொல்ல மாட்டேன். ஏரிக்கு வரும்போது கொண்டு வருவதில்லை.

பதிவேடு ஒரு சாதாரணக் கோடு போட்ட நோட்டு. தேதி, நேரம், இடம், பறவை, எண்ணிக்கை, செயல். பெயர் தெரியாவிட்டால் 'தெரியாதது' என்று எழுதிப் படம் வரைய வேண்டும். ஊகித்துப் பெயர் எழுதக் கூடாது. கூட்டின் அருகே போகக் கூடாது, கைபேசியில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கக் கூடாது. பதினைந்து நிமிடம் ஒரே இடத்தில் நின்று எண்ணிய பட்டியலை இ-பேர்டு தளத்தில் ஏற்றலாம். 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறை நாட்களில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பிப்ரவரி நடுவில் நான்கு நாள் உலகளாவிய கணக்கெடுப்பும், அதையொட்டிக் கல்வி வளாகங்களுக்கான கணக்கெடுப்பும் உண்டு. சாலிம் அலியின் பிறந்த நாளான நவம்பர் 12 தொடங்குவதற்கு வசதியான நாள். நம் மலையில் அப்போது மழை பெய்துகொண்டிருந்தால் ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

பதிவேட்டில் நான் எதிர்பார்க்காத ஒன்றும் தெரிந்தது. பட்டியல் எழுதியவர் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. டிசம்பர் தொடங்கியதும் சில பெயர்கள் காணாமல் போகும். எங்கள் மலையிலிருந்து குடும்பங்கள் காப்பிப் பழம் பறிக்கவும் மிளகு பறிக்கவும் குடகுக்கும் கேரளத்துக்கும் போகும் காலம் அது. பறவைகள் வந்து சேரும் மாதங்களில் பிள்ளைகள் கிளம்பிப் போகிறார்கள். வருகைப் பதிவேட்டில் ஆண்டுதோறும் பார்க்கும் செய்திதான். இந்த நோட்டில் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

வாலாட்டி மாணவியும் எட்டாம் வகுப்பில் பொங்கலுக்கு முன்பே போய்விட்டாள். வீட்டுக்குப் போய்ப் பேசினேன். பாட்டியிடம் விட்டுச் செல்லுங்கள், உண்டு உறைவிடப் பள்ளி விடுதியில் சேர்க்கலாம் என்று எல்லாம் சொன்னேன். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார் அவள் அம்மா. அதற்கு மேல் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. கிளம்பும்போது அவளிடம் ஒரு பேனாவையும் பழைய நாட்காட்டித் தாள்கள் சிலவற்றையும் கொடுத்து, அங்கே பார்ப்பதை எழுதி வை என்றேன். அதை ஒரு சமாதானமாகத்தான் கொடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மார்ச் மாதம் திரும்பி வந்தாள். நாட்காட்டித் தாள்களின் பின்பக்கம் முழுக்க எழுதியிருந்தது. எஸ்டேட் ஓடையில் கருஞ்சாம்பல் வாலாட்டி, காப்பிச் செடி நிழலில் 'மார்புல ரெண்டு கறுப்புப் பட்டை, வால பக்கவாட்டுல ஆட்டுது' என்று ஒரு குறிப்பு. கொடிக்கால் வாலாட்டி. எங்கள் பட்டியலில் அதுவரை அது இல்லை. விடுபட்ட பாடங்களுக்காக ஏப்ரல் முழுவதும் மாலையில் உட்கார வைத்தோம். கணக்கில் தேறுவதற்குச் சிரமப்பட்டாள், தேறினாள்.

அடுத்த ஆண்டு டிசம்பரில் அவள் அம்மா மட்டும் போனார். தம்பியை அங்கன்வாடியிலும் மாலையில் பாட்டியிடமும் விடுவதென்று ஏற்பாடு. அதற்குப் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்த இரண்டு தாய்மார்கள்தான் காரணம். இன்னும் நான்கு பெயர்கள் டிசம்பரில் காணாமல் போகின்றன.

இந்தப் பருவத்தில் கருஞ்சாம்பல் வாலாட்டி முதன்முதலில் கண்ணில் பட்டது செப்டம்பர் இரண்டாம் வாரம், செவ்வாய்க்கிழமை, காலை 6.50, மதகுக்குக் கீழே மூன்றாவது பாறை. எழுதியவன் ஆறாம் வகுப்பு மாணவன். எண்ணிக்கை என்ற இடத்தில் 1 என்று போட்டு, செயல் என்ற இடத்தில் 'வாலை ஆட்டிக்கொண்டே இருக்கிறது' என்று எழுதியிருக்கிறான்.