பெருந்தொற்றுக் கால ஆய்வுச் செய்திகள்

பெருந்தொற்றுக் கால ஆய்வுச் செய்திகள் என்பவை, ஒரு நோய் உலகெங்கும் பரவிவரும் வேளையில் வெளியாகும் அறிவியல் முடிவுகளை ஊடகங்கள் மக்களுக்கு எடுத்துச்சொல்லும் செய்திகளாகும். வழக்கமாக ஓர் ஆய்வுக் கட்டுரையை அத்துறை வல்லுநர்கள் சரிபார்த்த பின்னரே ஆய்விதழ் வெளியிடும். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். 2020 இல் கோவிட்-19 பரவியபோது இந்தக் காத்திருப்பு பெரிதும் குறைந்தது. முடிவடையாத ஆய்வும் உறுதியான ஆய்வும் ஒரே வகைத் தலைப்புடன் செய்தியாயின.

முன்பதிப்புகள்

சரிபார்ப்புக்கு முன்பே இணையத்தில் வெளியிடப்படும் கட்டுரை முன்பதிப்பு எனப்படும். உயிரியலுக்கான பயோ-ஆர்கைவ் 2013 இலும், மருத்துவத்துக்கான மெட்-ஆர்கைவ் 2019 இலும் தொடங்கப்பட்டன. இவற்றால் ஆய்வாளர்கள் தகவலை விரைவாகப் பகிர முடிகிறது. பிழைகளும் அதே வேகத்தில் பரவுகின்றன.

2020 சனவரி 31 அன்று, புதிய கொரோனா வைரசின் புரதத்தில் எச்.ஐ.வி.யை ஒத்த பகுதிகள் இருப்பதாகத் தில்லி ஆய்வாளர்கள் ஒரு முன்பதிப்பை வெளியிட்டனர். அப்பகுதிகள் மிகச் சிறியவை, வேறு பல உயிரிகளிலும் காணப்படுபவை எனப் பிற அறிவியலாளர்கள் சுட்டிக்காட்டினர். இரண்டே நாட்களில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. ஆயினும், வைரஸ் ஆய்வகத்தில் செய்யப்பட்டது என்பதற்குச் சான்றாக அது தொடர்ந்து பகிரப்பட்டது.

ஐதராக்சிகுளோரோகுயின்

2020 மார்ச்சில் பிரான்சின் மார்சேய் நகர ஆய்வுக்குழு ஒன்று, இம்மருந்து கோவிட்-19 நோயாளிகளுக்குப் பயன்தருவதாக அறிவித்தது. முடிவில் கணக்கிடப்பட்டவர்கள் 36 பேர் மட்டுமே. மருந்து பெற்ற 26 பேரில் 6 பேர் இறுதிக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. அந்த அறுவரில் ஒருவர் இறந்திருந்தார். மூவர் தீவிர சிகிச்சைக்கு மாற்றப்பட்டிருந்தனர். அமெரிக்க அதிபர் டிரம்ப் இம்மருந்தைப் புகழ்ந்த பின் அதன் தேவை திடீரெனக் கூடியது. லூபஸ் நோய்க்காக நெடுநாளாக இதை உட்கொண்டவர்கள் தட்டுப்பாட்டைச் சந்தித்தனர்.

சூன் மாதத்தில், 4,600க்கும் மேற்பட்ட நோயாளிகளை உள்ளடக்கிய பிரித்தானியாவின் ரெக்கவரி ஆய்வு, இம்மருந்து இறப்பைக் குறைக்கவில்லை எனக் காட்டியது. மார்சேய் கட்டுரை 2024 திசம்பரில்தான் ஆய்விதழால் நீக்கப்பட்டது.

சரிபார்க்கப்பட்ட கட்டுரையும் தவறலாம். இதே மருந்து ஆபத்தானது என்று 2020 மே 22 அன்று 'தி லான்செட்' வெளியிட்ட கட்டுரை, தரவுகளைச் சரிபார்க்க இயலாததால் சூன் 4 அன்று திரும்பப் பெறப்பட்டது.

டெக்சாமெத்தசோன்

சூன் 16 அன்று ரெக்கவரி குழு, டெக்சாமெத்தசோன் உயிர்காக்கிறது என்று கட்டுரை வெளிவரும் முன்பே செய்தி அறிக்கையாக அறிவித்தது. இம்முடிவு பின்னர் உறுதியானது. செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தோரிடையே இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிசன் மட்டும் பெற்றோரிடையே ஐந்தில் ஒரு பங்கும் குறைந்தது. ஆக்சிசன் தேவைப்படாதவர்களுக்குப் பயன் ஏதும் காணப்படவில்லை. "கொரோனாவுக்கு மருந்து" என்று மட்டும் சொல்லும் தலைப்பில் இந்த எல்லை மறைந்துவிடும்.

வாசகர் கவனிக்க வேண்டியவை

- ஆய்வு முன்பதிப்பா, செய்தி அறிக்கையா, ஆய்விதழ்க் கட்டுரையா?
- எத்தனை பேரிடம் நடத்தப்பட்டது? யாருடன் ஒப்பிடப்பட்டது?
- இடையில் விலகியவர்களும் கணக்கில் உள்ளனரா?
- முடிவு எந்த நிலையிலுள்ள நோயாளிகளுக்குப் பொருந்தும்?
- ஆய்வில் பங்கேற்காத வல்லுநரின் கருத்து இடம்பெற்றுள்ளதா?

இவற்றுக்கு விடை தராத செய்தி பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அதை மட்டும் நம்பி ஒரு மருந்தை உட்கொள்வதோ நிறுத்துவதோ ஆபத்தாகும்.