ஊசி விட்டுப்போன வெள்ளைக் கோடு

பெசன்ட் நகரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பேரனைத் தூக்கித் தூக்கிக் கட்டைவிரல் அடியில் வலி. மணிக்கட்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டதும் வலி போய்விட்டது. இரண்டு மாதத்தில் ஊசி குத்திய இடம் வெளுத்து, முழங்கையை நோக்கி ஒரு வெள்ளைக் கோடு ஏறியிருக்கிறது. வெண்குஷ்டமோ என்று வீடே பயந்துபோயிருக்கிறது.

அவர் சொல்வதைப் பார்த்தால் இது ஊசியின் பக்கவிளைவு. முடக்குவாத நோயாளிக்குக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் மருத்துவர் ஹென்ச் முதன்முதலில் கொடுத்தது 1948இல். 1950இல் நோபல் பரிசு. அந்தக் கதை பலருக்கும் தெரியும். என்னை விடாமல் பிடித்துக்கொண்டது இந்தக் கோடுதான்.

இவ்வகை ஊசிகளில் அதிகம் பயன்படும் ட்ரையம்சினோலோன் தண்ணீரில் எளிதில் கரையாது. மார்கழியில் அம்மா கோலத்துக்குக் கரைத்து வைக்கும் அரிசிமாவு அடியில் தங்கிவிடுமே, அதுபோல இதன் நுண்துகள்களும் தங்கும். குப்பியைக் குலுக்கித்தான் ஏற்றுவார்கள். கரையாமல் கிடப்பதால்தான் மருந்து வாரக்கணக்கில் வேலை செய்கிறது. முழங்கால் மூட்டு ஆழமானது. மணிக்கட்டிலோ தோலுக்கும் தசைநாணுக்கும் நடுவே கொழுப்பு சொற்பம். கொஞ்சம் கசிந்தாலும் துகள்கள் தோலடிக்கு வந்துவிடும். அவற்றை நிணநீர்க் குழாய்கள் மேல்நோக்கிக் கொண்டுபோக, போகிற வழியெல்லாம் தோல் வெளுக்கிறது என்பதே பொதுவாகத் தரப்படும் விளக்கம். கண்ணுக்குத் தெரியாத ஒரு பாதையை மருந்தே வரைந்து காட்டிவிடுகிறது! நிறமிச் செல்கள் பெரும்பாலும் அழிவதில்லை, மெலனின் தயாரிப்பைத்தான் குறைத்துக்கொள்கின்றன. அதனால் பலருக்கும் மாதங்கள் கழித்து நிறம் திரும்புகிறது. சிலருக்கு வெளுப்பு அப்படியே நின்றும் விடுகிறது. சிலருக்கு அடியிலுள்ள கொழுப்பு கரைந்து தோல் குழியும், மெலிந்து ரத்தநாளங்கள் தெரியும்.

நம் மாநிறத்தில் இது பளிச்சென்று தெரியும். ஊசி போடுமுன் மருத்துவர் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அந்த வீட்டில் யாரும் தூக்கம் கெட்டிருக்க மாட்டார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்கு நேரமில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்று. வெள்ளையைப் பார்த்ததும் மருந்துக்கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கித் தடவுகிறோம். அப்படிக் கிடைக்கும் பல களிம்புகளிலும் இருப்பது அதே வகை ஸ்டீராய்டு. வெளுத்து மெலிந்த தோல் இன்னும் மெலியும். சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் இத்தகைய பல களிம்புகளை அரசு 2018இல் சேர்த்தும் கேட்டால் கிடைக்கிறது. அம்மா, எதையும் தடவாதீர்கள். வெள்ளை உடம்பில் வேறு இடத்திலும் தோன்றினாலோ, தொட்டால் உணர்ச்சி மங்கியிருந்தாலோ காத்திருக்காமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். குழி நிரம்பாமல் நின்றால் வெறும் உப்புநீரையே அந்த இடத்தில் சில தடவை செலுத்திப் பார்க்கும் சிகிச்சையும் உண்டு. அதையும் அவரிடமே கேளுங்கள்.