தலையை மெல்லத் தொட்டால் குழந்தையின் அழுகை நிற்குமா? 'கிரேனியல் ஆஸ்டியோபதி' பற்றி ஆய்வுகள் சொல்வது என்ன?

ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலைக்குப் போகும் இளம் பெற்றோருக்கு, நள்ளிரவில் வீறிட்டு அழும் கைக்குழந்தை பெரிய சோதனை. பாட்டி பக்கத்தில் இருந்தால் "உரம் விழுந்திருக்கும், எடுத்துவிட்டா சரியாயிடும்" என்பார். ஆனால் பாட்டி சொந்த ஊரில், இவர்கள் வாடகை வீட்டில். அத்திப்பள்ளியைத் தாண்டினால் பெங்களூரு. அங்கே 'கிரேனியல் ஆஸ்டியோபதி', 'கிரேனியோசேக்ரல் தெரபி' என்ற பெயர்களில் ஒரு சிகிச்சை கிடைக்கிறது. ஊசி இல்லை, மாத்திரை இல்லை. தலையை மென்மையாகத் தொட்டே குழந்தையின் அழுகை முதல் பெரியவர்களின் ஒற்றைத் தலைவலி வரை குறைக்கலாம் என்கிறார்கள் இதைச் செய்பவர்கள்.

நம்பலாமா? இதை ஆய்வுக்கு உட்படுத்தியவர்கள் கண்டது என்ன?

மீனின் செவுளில் இருந்து வந்த யோசனை

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் கிர்க்ஸ்வில் என்ற சிற்றூர். அங்கே 1892-ல் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற மருத்துவர் ஆஸ்டியோபதி பள்ளியைத் தொடங்கினார். எலும்பு, தசை, மூட்டுகளைக் கையால் சரிசெய்தால் உடல் தானாகவே குணமாகும் என்பது அவருடைய கொள்கை. அந்தப் பள்ளியில் படித்தவர் வில்லியம் கார்னர் சதர்லேண்ட். அதற்கு முன்பு அவர் பத்திரிகையில் வேலை பார்த்தவர்.

தனித்தனியாகப் பிரித்து வைத்திருந்த ஒரு மண்டை ஓட்டை அவர் பார்த்தபோது, காதுப் பக்க எலும்பின் ஓரம் மீனின் செவுள் போலச் சரிவாக இருப்பதாகத் தோன்றியது. செவுள் அசைவது போல இந்த எலும்பும் அசையத்தானே இப்படி இருக்கிறது என்று நினைத்தார். தன் தலையிலேயே ஹெல்மெட் போன்ற கருவிகளை மாட்டி இறுக்கிப் பல வருடம் சோதித்துப் பார்த்தார். 1939-ல் புத்தகமாக எழுதினார். பின்னர் 1970-களில் ஜான் அப்லெட்ஜர் என்பவர் இதையே கொஞ்சம் மாற்றி 'கிரேனியோசேக்ரல் தெரபி' என்று பரப்பினார்.

கொள்கை இதுதான்: மண்டை எலும்புகள் மிக நுண்ணியதாக அசைகின்றன, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியுள்ள திரவம், நிமிடத்துக்கு சுமார் 6 முதல் 14 முறை ஒரு தாளத்தில் ஏறி இறங்குகிறது, பயிற்சி பெற்ற கை அந்தத் தாளத்தை உணரும், தாளம் தடைபட்டால் நோய். கொடுக்கும் அழுத்தம் சுமார் 5 கிராம், அதாவது கிட்டத்தட்ட ஒரு நாணயத்தின் எடை.

எலும்பு அசைகிறதா?

இதில் பாதி உண்மை இருக்கிறது. மூளைத் தண்டுவடத் திரவம் நிஜமாகவே துடிக்கிறது. இதயத் துடிப்புக்கும் மூச்சுக்கும் ஏற்ப அது நகர்வதை எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் பார்க்கலாம். கைக்குழந்தையின் உச்சிக்குழியில் விரலை வைத்தால் துடிப்பு தெரியும் என்பது அம்மாக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குழந்தையின் மண்டை எலும்புகள் இன்னும் ஒட்டாமல் இருப்பதும் உண்மை. ஆனால் வளர்ந்தவர்களுக்கு அந்த இணைப்புகள் பல் பல்லாகக் கோத்துக்கொண்டு இறுகிவிடுகின்றன. 2006-ல் வெளியான ஆய்வு ஒன்றில், முயலின் மண்டை இணைப்பில் 5 முதல் 20 கிராம் வரை விசை கொடுத்துப் பார்த்தார்கள். எலும்பு அசையவில்லை. அதைவிடப் பல மடங்கு விசை கொடுத்த பிறகே சிறு அசைவு தெரிந்தது.

ஒரே தலை, மூன்று கணக்கு

இந்த சிகிச்சையை உண்மையிலேயே கேள்விக்குள்ளாக்கியது எலும்பு பற்றிய ஆய்வு அல்ல. ரொம்ப எளிமையான ஒரு சோதனை.

கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனையில் மூன்று நர்ஸுகள் அடுத்தடுத்து உங்கள் நாடித்துடிப்பை எண்ணினால் என்ன நடக்கும்? 72, 74, 71 என்று பக்கத்தில் பக்கத்தில் வரும். நாடி என்று ஒன்று இருப்பதால்தான் அப்படி வருகிறது. அப்போ மண்டைத் தாளமும் நிஜமாக இருந்தால், பயிற்சி பெற்ற மூன்று பேரின் கணக்கும் ஒத்துப்போக வேண்டுமில்லையா?

1994-ல் அமெரிக்காவில் இதைச் செய்து பார்த்தார்கள். பயிற்சி பெற்ற மூன்று சிகிச்சையாளர்கள், 12 பேரின் தாளத்தைத் தனித்தனியாக எண்ணினார்கள். கணக்குகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதற்கு ஒரு அளவுகோல் உண்டு. 1 என்றால் முழு ஒற்றுமை, 0 என்றால் ஒற்றுமையே இல்லை. கிடைத்த விடை மைனஸ் 0.02.

'ஒருவேளை நேரத்துக்கு நேரம் தாளம் மாறியிருக்கலாமே' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதனால் 1998-ல் இன்னொரு குழு, ஒரே ஆளின் தலையில் ஒருவர், காலில் ஒருவர் என்று ஒரே நேரத்தில் கைவைத்து எண்ண வைத்தது. அப்போதும் ஒத்துப்போகவில்லை. அதைவிட முக்கியம், அதே நபர் அதே ஆளை மறுபடி எண்ணினாலும் கணக்கு மாறியது.

இவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. அவர்கள் கை ஏதோ ஒன்றை உணர்கிறது. அது நோயாளியின் தலையில் இருந்து வருகிறதா, தொடுபவரின் சொந்த விரல் ரத்த ஓட்டத்தில் இருந்து வருகிறதா என்பதுதான் கேள்வி. ரத்த அழுத்தத்தில் இயல்பாக வரும் மெதுவான அலைகளைத்தான் இவர்கள் உணர்கிறார்கள் என்று சிகிச்சையை ஆதரிக்கும் ஆய்வாளர்கள் சிலர் வாதிடுகிறார்கள். அப்படியே வைத்துக்கொண்டாலும், ஆளுக்கு ஆள் மாறும் கணக்கை வைத்து நோயைக் கண்டுபிடிப்பது எப்படி?

சரி, பலன் கிடைக்கிறதா?

எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமலேயே பலன் தரும் சிகிச்சைகள் உண்டு. அதனால் இதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

மூளை முடக்குவாதம் உள்ள 142 குழந்தைகளை வைத்து பிரிட்டனில் நடந்த ஆய்வு 2011-ல் வெளியானது. வயது 5 முதல் 12 வரை. பாதிப் பேருக்கு ஆறு முறை கிரேனியல் ஆஸ்டியோபதி. மீதிப் பேர் காத்திருப்புப் பட்டியலில். எந்தக் குழந்தைக்கு சிகிச்சை கிடைத்தது என்று தெரியாதவர்கள்தான் உடல் இயக்கத்தை அளந்தார்கள். ஆறு மாதம் கழித்து இரு குழுவுக்கும் இடையே சொல்லும்படி வித்தியாசம் இல்லை.

ஆனால் பெற்றோரிடம் கேட்டபோது கதை வேறு. சிகிச்சை பெற்ற குழந்தைகளின் பெற்றோரில் 38 சதவீதம் பேர் 'உடல்நிலை முன்னேறியிருக்கிறது' என்றார்கள். மற்ற குழுவில் 18 சதவீதம்தான். சிகிச்சை கிடைத்ததை அறிந்தவர்கள் கண்ட முன்னேற்றத்தை, அறியாமல் அளந்தவர்களால் காண முடியவில்லை. பணமும் நம்பிக்கையும் போட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலைந்த எந்தப் பெற்றோருக்கும் இது நடக்கும். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குழந்தை அழுகைக்கும் இதே பிரச்னை. 2006-ல் 28 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வில், சிகிச்சை பெற்றவர்களின் அழுகை நேரம் 63 சதவீதமும் பெறாதவர்களுக்கு 23 சதவீதமும் குறைந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அழுகையைக் குறித்துவைத்தது பெற்றோர். யாருக்கு சிகிச்சை என்று அவர்களுக்குத் தெரியும்.

பெரியவர்களின் நாள்பட்ட வலி விஷயத்தில், 10 ஆய்வுகளைத் தொகுத்து 2019 இறுதியில் வந்த அறிக்கை பலன் இருப்பதாகச் சொன்னது. 2024-ல் 15 ஆய்வுகளைத் தொகுத்த ஸ்பெயின் குழு எந்த நோய்க்கும் பலன் இல்லை என்றது. ஆய்வுகளின் தரத்தையே சோதித்த 2016-ம் ஆண்டு அறிக்கையோ, நம்பகமான சான்று கிட்டத்தட்ட இல்லவே இல்லை என்று முடித்துவிட்டது.

உரம் எடுத்தாலும் நிற்கிறதே?

நிற்கும். ஆரோக்கியமான குழந்தைகளின் காரணமில்லாத அழுகை பிறந்த ஆறாவது வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாகக் குறைந்துவிடும். எப்போது பெற்றோர் தாங்க முடியாமல் வைத்தியம் தேடுவார்கள்? உச்சத்தில் இருக்கும்போதுதான். அதன்பிறகு என்ன செய்தாலும், பாட்டி உரம் எடுத்தாலும், பெங்களூரு போய் தலையைத் தொட்டு வந்தாலும், அழுகை குறையத்தான் போகிறது. பெயர் மட்டும் கடைசியாகச் செய்த வைத்தியத்துக்குப் போகும்.

மெல்லத் தொடுவதில் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் எல்லோரும் மெல்லத்தான் தொடுவார்கள் என்று சொல்ல முடியாது. நெதர்லாந்தில் கிரேனியோசேக்ரல் என்ற பெயரில் கழுத்தும் முதுகும் வளைக்கப்பட்ட மூன்று மாதக் குழந்தை இறந்ததை அந்நாட்டு மருத்துவர்கள் 2009-ல் பதிவு செய்தார்கள். கழுத்து நிற்காத குழந்தையைப் புடவையில் போட்டு உருட்டுவதும் குலுக்குவதும் கூட அதே காரணத்துக்காகத் தவிர்க்க வேண்டியது.

இன்னொரு ஆபத்து, தாமதம். மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்குக் காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, பச்சை நிற வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, உச்சிக்குழி புடைத்திருப்பது அல்லது உள்ளே போவது. இதில் எது தெரிந்தாலும் அது தலையைத் தொட்டு சரிசெய்யும் விஷயமில்லை, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆம்புலன்ஸுக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104. குழந்தையின் வளர்ச்சியில் சந்தேகம் இருந்தால், அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் பிசியோதெரபி உட்பட இலவசமாகவே பார்க்கிறார்கள். வீட்டுக்கே பிசியோதெரபி கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்டதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான்.

இத்தனைக்கும் பிறகு போக விரும்பினால், முதலில் பதிவு எண்ணைக் கேளுங்கள். பிரிட்டனில் ஆஸ்டியோபதிக்கு 1993-ம் ஆண்டு சட்டப்படி தனி கவுன்சில் உண்டு. அமெரிக்காவில் டி.ஓ. பட்டம் பெற்றவர்கள் முழுமையான மருத்துவர்கள். இந்தியாவில் அப்படி இதற்கென்று தனி கவுன்சில் இல்லை. எனவே குழந்தையின் தலையில் கைவைப்பவர் வேறு எந்த மருத்துவத் துறையில் படித்துப் பதிவு செய்தவர் என்பதை, தமிழோ கன்னடமோ தெலுங்கோ, தெரிந்த மொழியில் நேராகவே கேட்டுவிடலாம்.